எனக்கு வந்தது அருள் அல்ல

நான் கோயிலில் விழுந்தது மயக்கத்தால். கொட்டாஞ்சேனையில் பாதிப்பேர் இன்றைக்கும் அதை நம்பத் தயாரில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

அதற்கு எட்டு நாள் முன்புதான் தொடை இரத்தக்குழாய் வழியாக எனக்குப் புது வால்வு வைத்தார்கள். நெஞ்சைப் பிளக்காமல் காரியம் முடிந்ததில் எனக்கு ஒரே பெருமை. டொக்டர் மட்டும் ஈசிஜி தாளைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். இதயம் துடிக்க மேலிருந்து கீழே மின்சாரம் ஓட வேண்டுமாம். புது வால்வு அந்தப் பாதையை ஒட்டி உட்கார்ந்து நெரிக்கிறதாம். சிலருக்குத் தானாகச் சரியாகும், சிலருக்கு நாள் கழித்து முழுதாக அடைபடும். "தலை சுத்தினா, மயங்கினா, வீட்டில படுக்க வேணாம். நேரா இங்க வாங்க," என்று தனக்குத் தெரிந்த தமிழில் இரண்டு தடவை சொன்னார். பக்கத்தில் நின்ற மச்சாளும் கேட்டார். மச்சாள் என் கணவரின் அக்கா. கணவர் செத்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான்.

வெள்ளிக்கிழமை பூசைக்கு மச்சாளோடு போனேன். அம்மனுக்குத் தீபம் காட்டி உடுக்கு அடிக்கத் தொடங்கியபோது கண் இருண்டது. விழித்தால் நெற்றி நிறையத் திருநீறு, கையில் வேப்பிலை. எங்கள் பக்கத்தில் உடுக்குச் சத்தத்தில் ஒரு பொம்பிளை சாய்ந்தால் அது அருள்தான். வேறு காரணம் யாரும் தேடுவதில்லை. ஒருத்தி என் காலைப் பிடித்துக்கொண்டு, "தாயே, என்ட மகனுக்கு விசா எப்ப கிடைக்கும், சொல்லுங்கோ," என்றாள்.

"விசாவும் இல்லை கிசாவும் இல்லை. எனக்கு மயக்கம். த்ரீவீல் ஒண்டு பிடியுங்கோ," என்றேன்.

"அம்மன் வாகனம் கேக்கிறா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். உடனே தேசிக்காய் வெட்டிக் குங்குமம் தடவினார்கள். எனக்கு வந்த எரிச்சலில் இரண்டாம் தடவையும் இருண்டது. கற்பூரம் கூடியதே தவிர ஆஸ்பத்திரி என்ற சொல் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. மச்சாளைத் தேடினேன். டொக்டர் சொன்னது தெரிந்த ஒரே ஆள் அவர். அவரோ கைகூப்பிக்கொண்டு, "ஓம், அருள்தான், அருள்தான்," என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு நின்றார்.

அங்கேயே செத்திருந்தாலும் பூப் போட்டுக் கும்பிட்டிருப்பார்கள். எனக்கு அப்படிச் சாக விருப்பமில்லை. வேப்பிலையை எறிந்துவிட்டு, தூணைப் பிடித்து எழும்பி, செருப்பும் போடாமல் ரோட்டுக்கு நடந்தேன். சாமிக்கு யார் குறுக்கே நிற்பார்கள்? எல்லோரும் வழிவிட்டார்கள். மச்சாள் பின்னால் ஓடிவந்து த்ரீவீலில் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் நாடி முப்பத்திரண்டு. பாதை முழுதாக அடைபட்டுவிட்டது, உடனே பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார் டொக்டர். சம்மதத் தாள் வந்தது. மச்சாள் அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மன் இறங்கின உடம்பு. அதில மெஷின் வைக்க வேண்டாம். ஒரு கிழமை பொறுத்துப் பாப்பம்."

"ஒரு கிழமைக்கு நான் இருக்கமாட்டன் மச்சாள். டொக்டர் சொன்னதை நீங்களும் கேட்டனீங்கள்தானே. தெரிஞ்சுகொண்டு ஏன் அருள் எண்டு சொன்னனீங்கள்?"

கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வார்டே திரும்பிப் பார்த்தது.

மச்சாள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ட தம்பி, உன்ட மனுசன், விழுந்தப்ப நெஞ்சுவருத்தம் எண்டு சொன்னவை. அவன் எழும்பேல்லை. அருள் வந்து விழுந்தவை எல்லாரும் எழும்பினவைதானே," என்றார்.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அழுகையைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். அவர் மடியிலிருந்து தாளை இழுத்து என் கையெழுத்தைப் போட்டேன். கீழே சாட்சிக்கு ஒரு கோடு இருந்தது. பேனாவை அவரிடம் நீட்டினேன்.

"போடுங்கோ மச்சாள். நான் எழும்புவன்."

வாங்கி, அந்தக் கோட்டில் தன் கையெழுத்தைப் போட்டார்.