வலப்பக்கத்து நாற்காலி

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, சுவிஸில் நான் இருக்கும் சூக்கில் ரயில் ஏறினேன். லுசேர்னிலும் பேர்னிலும் மாறி லோசான் போக மூன்று மணித்தியாலம். அரைக்கட்டண அட்டை இருந்தும் டிக்கெட் நாற்பது பிராங்குக்குக் கிட்ட. சாப்பாட்டுக்கு நேற்றைய பாண்.

பார்க்கப் போனது பாத்மிரை. சூக்கில் ஒரு உணவகக் குசினியில் இருவரும் சேர்ந்து கோப்பை கழுவியவர்கள். அவன் வட மாசிடோனியாவில் தெத்தோவோ என்ற ஊர்க்காரன். வீட்டில் அல்பேனிய மொழி, கந்தோருக்கு மாசிடோனிய மொழி, கடைத்தெருவில் துருக்கி, அயலில் ரோமா மக்களின் மொழி, பழைய யூகோஸ்லாவியப் பட்டாளத்தில் செர்பிய மொழி. "ஐந்திலும் சமையற்காரனைத் திட்டுவேன், அவன் சிரிப்பான்" என்பான். என்னோடு கதைத்தது குசினியில் பொறுக்கிய ஜெர்மனில். போன வருடம் வேறு வேலை கிடைத்து லோசானுக்குப் போனான். அங்கே பக்கவாதம் வந்து விழுந்துவிட்டான்.

ஃப்ரிபூர் தாண்டியதும் ரயில் அறிவிப்பு பிரெஞ்சுக்கு மாறியது. கடைசிச் சுரங்கம் முடிய, கீழே ஏரி திறந்தது. பெட்டியில் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

மேட்டில் ஏறும் மெட்ரோவில் மருத்துவமனைக்குப் போனேன். கட்டிலின் வலப்பக்கம் கிடந்த நாற்காலியில் இருந்து, ஜெர்மனில் சுகம் விசாரித்தேன். பதில் அல்பேனிய மொழியில் வந்தது. திரும்பவும் அதேதான். பிறகு ஒரே வசனத்தை உரக்கச் சொல்லி, இடக்கையை வீசினான். முகம் என் பக்கம் திரும்பவேயில்லை. போகச் சொல்கிறான் என்று எழுந்து ஜாக்கெட்டைப் போட்டேன்.

தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "அண்ணை தமிழோ?"

"ஓம்."

"ரெண்டு நாளா இதைத்தான் சொல்லுறார். மொழிபெயர்க்கிற ஆள் நாளைக்குத்தான். மகன் இன்னும் வந்து சேரேல்லை. நில்லுங்கோ, கீழ வெஸ்னா எண்டு ஒரு பிள்ளை, அந்த நாட்டுக்காரி."

தரை துடைத்தவள் பெயர் ஜெசிந்தா, மன்னார்ப் பிள்ளை. அவள் கூட்டி வந்த வெஸ்னாவின் மொழி மாசிடோனிய மொழி. அல்பேனிய மொழியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகினாளாம். எங்கள் நாட்டில் மற்ற மொழியான சிங்களத்தில் நான் படித்தது சென்றியில் மறிக்கும் ஆமிக்காரனிடம் சொல்ல வேண்டிய நாலு சொல். விளையாட ஆள் இருக்கவில்லை.

வெஸ்னா குனிந்து கேட்டாள். பிரெஞ்சில் ஜெசிந்தாவுக்குச் சொன்னாள். ஜெசிந்தா என் ஜாக்கெட்டைப் பார்த்தாள்.

"அண்ணை, அவருக்கு வலப்பக்கம் ஒண்டும் தெரியேல்லையாம். இருட்டாம். 'ஆர் இருக்கிறது, இஞ்சால வா' எண்டுதான் கத்தியிருக்கிறார். இதுக்கோ வெளிக்கிட்டனீங்கள்?"

நாற்காலியைத் தூக்கி மற்றப் பக்கம் போட்டேன். பாத்மிர் என்னைக் கண்டான். என் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னான். வெஸ்னா சிரித்தாள்.

"சமையற்காரனைத் திட்டுறாராம்" என்றாள் ஜெசிந்தா.

அவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். மாலை வரை அவன் அல்பேனிய மொழியில் கதைத்தான், நான் தமிழில் கதைத்தேன். பக்கவாதத்தோடு போன ஜெர்மன் அவனுக்குத் திரும்பி வருமோ என்று தாதியிடம் கேட்க எனக்குப் பிரெஞ்சு இல்லை. "போட்டு வாறன்" என்று எழும்பினேன்.

ஃப்ரிபூரில் அறிவிப்பு மீண்டும் ஜெர்மனுக்கு மாறியது. இனி அந்த மொழி எனக்கு வேலைக்கு மட்டும்தான்.