வீடு பூட்டியிருந்தது

மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருடமாக மனு டைப் செய்கிறேன். பட்டா மாற்றமோ, பிறப்புச் சான்றிதழோ, 'ஐயா, வணக்கம்' முதல் 'இப்படிக்கு' வரை கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வருகிறவர்களுக்குக் கேட்காமலே ஆலோசனையும் உண்டு. "ஏன்னு கேட்காதீங்க சார், நகல் குடுன்னு கேளுங்க." வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

அப்படிப்பட்டவன் வீட்டுக்கே ஒரு மனு தேவைப்பட்டது. அடையாற்றங்கரையில் நாங்கள் இருந்த வரிசையை இடித்தபோது, கணக்கெடுப்பில் பெயர் இருந்தவர்களுக்கெல்லாம் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஆளுக்கொரு வீடு கொடுத்தார்கள். எங்களுக்குக் கொடுக்கவில்லை. ரேஷன் கார்டைக் காட்டினோம். பட்டியலில் உங்கள் வீடு இல்லை என்றார்கள். அம்மாவைக் கேட்டேன்.

"எண்றதுக்கு யாரும் வரவே இல்லியேடா" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்தப் பக்கத்து வீட்டையும் அந்தப் பக்கத்து வீட்டையும் எண்ணத் தெரிந்தவர்களுக்கு நடுவில் இருந்த வீடு மட்டும் கண்ணில் படவில்லையா? எங்களை விட்டுவிட்டார்கள் என்பதை அவர்கள் காகிதத்தை வைத்தே நிரூபித்து, அந்த வீட்டை வாங்கிக் காட்டுகிறேன் என்று மந்தைவெளியில் நாங்கள் வாடகைக்குப் பிடித்திருந்த ஒற்றை அறையில் நின்று சபதம் செய்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

குடும்பத் தலைவி அவள்தான் என்பதால், கணக்கெடுப்புக் கோப்பின் நகல் கேட்கும் மனு அவள் பெயரில். கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினேன். 'எங்கள் வீட்டுப் பக்கம் ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை' என்ற வரியைத் தடித்த எழுத்தில் அடித்திருந்தேன். தாங்கள் கோரிய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை, வேறு அலுவலகத்துக்கு மாற்றப்படுகிறது என்று பதில் வந்தது. அந்த வேறு அலுவலகம், இது முந்தைய அலுவலகத்தைச் சேர்ந்தது என்று திருப்பியது. பிறகு கோப்பு எண்ணைத் தெரிவிக்குமாறு என்னையே கேட்டார்கள். அவர்கள் பீரோவில் இருக்கும் கோப்பின் எண்ணை நான்தான் சொல்ல வேண்டுமாம்.

ஒவ்வொரு முறையும் அம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு பாட்டுப் பாடுவாள்.

"வுட்டுடு நைனா. வாடகைக்கு இருந்தா இன்னா இப்போ?"

நான் விடுவேனா. தகவல் கேட்பது குடிமகனின் உரிமை, பயந்து பயந்துதான் நாம் இப்படிக் கிடக்கிறோம் என்று கடையில் பேசுவதை அப்படியே வீட்டிலும் பேசுவேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போடுவாள். படிக்காதவள், அலுவலகம் என்றாலே பயம் என்று நினைத்துக்கொள்வேன்.

மேல்முறையீடு வரை போன பிறகு, கோப்பை நேரில் வந்து பார்க்கலாம் என்று கடிதம் வந்தது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, தி. நகரில் பஸ் மாறிப் போனேன். அங்கிருந்த பெண் ஊழியர் ஒருவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உட்காருங்க தம்பி, நிதானமாப் பாருங்க" என்று கோப்புக் கட்டை என் முன்னால் வைத்தார். சண்டைக்குத் தயாராக வந்தவனுக்கு அந்த மரியாதையே ஏமாற்றமாக இருந்தது.

எங்கள் வரிசை நாலாவது பக்கத்தில் இருந்தது. கதவு எண் சரியாக இருந்தது. பெயர் என்ற கட்டம் காலி. கடைசியில் குறிப்பு என்ற கட்டத்தில், யாரோ பொறுமையாக, குண்டுகுண்டான எழுத்தில் எழுதியிருந்தார்: 'மூன்று முறை சென்றும் வீடு பூட்டியிருந்தது. மூன்றாம் முறை உள்ளே குக்கர் விசில் சத்தம் கேட்டது.'

அந்தக் குக்கரை எனக்குத் தெரியும். கைப்பிடி உடைந்து கம்பி சுற்றியது. முகத்தில் ஈயாடாமல் நகலை வாங்கிக்கொண்டு வந்து, அம்மா முன்னால் நின்று படித்தேன்.

அவள் மெல்லச் சொன்னாள்.

"எண்ணிக்கினு போனா தூக்கிடுவாங்கன்னு எல்லாம் பேசிக்கினாங்கடா. எண்ணாத வூட்ட எப்டித் தூக்குவான்னு நெனச்சேன். இங்க நாலு வூட்டு வேல கீது. அம்மாந் தூரத்துலேர்ந்து ரெண்டு பஸ்சு மாறி வந்து எவ பாத்திரம் தேய்ப்பா? பக்கத்து வூட்டு அக்காவ வெளிய பூட்டச் சொல்லிட்டு உள்ள குந்திகினு இருந்தேன்."

"அப்புறம் குக்கர் எதுக்கும்மா வெச்ச?"

"பசிக்குமாடா பசிக்காதா? அவன் மூணாவது வாட்டியும் வருவான்னு நான் கண்டனா?"

சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. அவமானமாக இருந்தது. அந்தக் கோப்பு முழுவதிலும் ஒரே ஒரு பொய்தான், அதைத் தடித்த எழுத்தில் டைப் செய்தவன் நான். அவ்வளவுதான், வீடு போயிற்று என்று நகலை மடித்தேன்.

அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள். "இரு. உள்ள ஆள் கீறாங்கன்னு அவனே எழுதிக்கிறானே? காலி வூட்ல குக்கர் விசில் வுடுமா?"

பதினோரு வருட அனுபவம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

அன்றைக்கே வீடு கேட்டுப் புது மனு எழுதினோம். 'வீடு பூட்டியிருந்தது உண்மை. நான் உள்ளே இருந்ததும் உண்மை. பயந்துதான் திறக்கவில்லை' என்று அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். எங்கேயும் தடித்த எழுத்து இல்லை. முதல் முறையாக, இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பதில் இன்னும் வரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கேஸ் சிலிண்டர்காரர் வந்தாலும், ஓட்டுக் கேட்டு வந்தாலும், முதல் தட்டிலேயே அம்மா கதவைத் திறந்துவிடுகிறாள். தன் பெயரைச் சொல்லி, "எழுதிக்க" என்ற பிறகுதான் என்ன விஷயம் என்று கேட்கிறாள்.