மேல்முனையில் நிற்பவர்

பெல்ட்டின் கடைசித் துளையும் போதவில்லை. மெர்வின் வண்டிக்குப் பின்பக்கம் போய்க் குந்தி, ஆணியை வைத்துக் கல்லால் தட்டினார். மூன்றாவது தட்டில் தோல் துளைந்தது. மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டையை பெல்ட் இடுப்போடு இறுக்கிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் விழுந்த ஆளின் உடைக்குள் தண்ணீர் புகுந்து அவனை ஆற்றின் அடியில் உட்கார வைத்துவிடும். உள்ளே மூன்று கம்பளிச் சட்டை போட்டிருந்தார். ஒன்று குளிருக்கு. மற்ற இரண்டும் பார்க்கிறவர்களுக்கு.

"என்னடா, வீடு கட்டுறியா அங்க?" என்று வண்டிக்கு முன்பக்கமிருந்து ராய்ஸ் கேட்டார்.

"பூட்ஸ்ல ஆணி ஏறிடுச்சு" என்றார் மெர்வின்.

ராய்ஸ் குள்ளம். வாய் ஓயாது. முப்பது வருஷம் தபால் கொடுத்து ஓய்ந்தவர். கூட வந்திருந்த ஹெனாரே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். பிள்ளைகள் சத்தம் போதும் என்று தானாக அதிகம் பேசமாட்டார். ஒவ்வொரு ஜூலையும் இருவரும் அவரவர் ஊரிலிருந்து துராங்கிக்கு வந்து மெர்வின் வீட்டில் ஒரு வாரம் தங்குவார்கள். அந்தத் தெற்கு நாட்டில் ஜூலை குளிர்காலம்; ஏரியிலிருந்து ட்ரவுட் மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறும் காலம். இருபத்தாறு குளிர்காலமாகத் தவறியதில்லை.

நேற்று வாசலில் பார்த்ததுமே ராய்ஸ் ஆரம்பித்துவிட்டார். யாருக்காக இப்படி இளைத்தாய், எந்த ஊர்க்காரி என்று. பியரை விட்டுவிட்டேன் என்றார் மெர்வின். கன்னத்தைத் தாடி மறைத்திருந்தது. சென்ற ஜூலையில் நூற்றுப் பத்து கிலோ இருந்தார். இப்போது எழுபத்து நான்கு. கணையம் எங்கே இருக்கிறது, அதில் என்ன வளர்கிறது என்று டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். இன்னொரு ஜூலை உண்டா என்று மெர்வின் கேட்டார். டாக்டர் பேனாவை மூடினார்.

நல்ல மீன் கிடக்கும் மடு அக்கரையில் இருந்தது. அங்கே போக ஆற்றைக் கடக்க வேண்டும். மூவரும் நீர் ஓடும் திசையில் வரிசையாக நின்று, பக்கத்து ஆளின் தோள்வாரை முதுகுப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, ஒன்றாக அடியெடுத்து வைத்துப் பக்கவாட்டில் நகர்வார்கள். கனத்த ஆள் மேல்முனையில். வரும் நீர் அவன் மேல் மோதி உடையும். மற்றவர்கள் அவன் மறைவில் நடப்பார்கள். மேல்முனையில் மெர்வின், நடுவில் ஹெனாரே, கீழ்முனையில் ராய்ஸ். இதை ஒருநாளும் பேசி முடிவு செய்ததில்லை. இறங்கலாமா வேண்டாமா என்று சொல்வதும் மேல்முனைக்காரர்தான். அவரை அவர்கள் சுவர் என்று கூப்பிட்டார்கள்.

பத்தொன்பது வயதில் மின்சாரத் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்ட வந்தவர் மெர்வின். வேலை முடிந்து மற்றவர்கள் போனபோது அவர் ஆற்றுக்காகத் தங்கிவிட்டார். மர ஆலையில் இருபது வருஷம், சாலை வேலையில் பதினைந்து. கல்யாணம் ஆறு வருஷம் நின்றது. சுரங்கத்தில் சரிந்த உத்தரத்தை ஆட்கள் வெளியேறும்வரை தோளில் தாங்கினார் என்று ஒரு கதை உண்டு. அதில் பாதி நிஜம். உடம்பைத் தவிர சொல்லிக்கொள்ள அவரிடம் வேறெதுவும் இருந்ததில்லை.

முன்பு அவர்கள் நான்கு பேர். சில வருஷங்களுக்கு முன் நாலாமவர் லெஸ்டருக்கு நுரையீரல் கெட்டது. கரையில் உட்கார்ந்துகொள்கிறேன், அது போதும், கூட்டிப் போங்கள் என்று போன் செய்தார். கைப்பிள்ளையைச் சுமந்துகொண்டு ஆற்றில் இறங்க முடியாது என்று மற்ற இருவரிடமும் சொன்னவர் மெர்வின். இந்த வருஷம் யாருமே போகவில்லை என்று லெஸ்டருக்குத் தகவல் போனது. அவர்கள் போனார்கள். அந்த வாரம் மீன் நிறையப் பட்டது. செப்டம்பரில் அடக்கத்துக்கு மூவரும் ஒரே வண்டியில் போய் வந்தார்கள்.

காலையில் கடந்தபோது முழங்காலுக்கு மேல்தான் நீர். பாதி ஆற்றில் மெர்வினின் இடது கால் கல்லைவிட்டு நழுவித் திரும்பி ஊன்றியது. சுவர் ஆடுதே, சுண்ணாம்பு பத்தலையா என்றார் ராய்ஸ். ஹெனாரே பிடித்திருந்த மெர்வினின் தோள்வார் தொளதொளவென்றிருந்தது. அதை முறுக்கி இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டார்.

மடுவுக்கு நடக்கையில் மெர்வின் மூன்று முறை நின்றார். மூன்று முறையும் நீரைப் பார்ப்பதுபோல் நின்றார்.

நல்ல குளிர். தூண்டிற்கோலின் வளையங்களில் பனி உறைந்து நூல் ஓடவில்லை. வளையத்தை வாயில் வைத்து உருக்கி, வீசி, மறுபடி உருக்கினார்கள். ஒரு வீச்சுக்கு ஓர் அடி கீழே நகர வேண்டும். ஒருவர் ஒரே இடத்தில் வேர்விடக் கூடாது. மெர்வினின் விரல்கள் மரத்துவிட்டன. பூச்சிபோல் இறகும் நூலும் சுற்றிய தூண்டில் முள்ளை ராய்ஸ்தான் வாங்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். போட்டுக்கொண்டே, அக்கா வீட்டுக் கூரை ஒழுகுவதையும், அவள் தன்னை ஏறச் சொல்வதையும் பற்றிப் பேசினார். சொல்லிவிடலாம் என்று மெர்வினுக்குத் தோன்றியது. வாய் திறப்பதற்குள் ராய்ஸ் முடிச்சைப் பல்லால் இறுக்கி நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, தன் இடத்துக்குப் போய்விட்டார்.

ராய்ஸுக்கு ஒரு மீன் பட்டது. வெள்ளி நிறம், மூன்று கிலோ இருக்கும். ஹெனாரே அதைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் இருட்டியது. அவர்களுக்கு வெறும் தூறல்தான். ஆனால் திரும்பிக் கடக்க வந்தபோது நீர் கலங்கியிருந்தது. காலையில் தலை நீட்டிய பாறை இப்போது தெரியவில்லை.

"பாலம் வழியா போயிடலாமா?" என்று ஹெனாரே கேட்டார்.

பாலம் ஒரு மணிநேர நடை. வேரும் சேறும். மெர்வினால் அதில் கால்பங்கு நடக்க முடியாது. முடியாது என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

"எறங்கலாம்" என்றார்.

ஹெனாரே அசையவில்லை. "நான் மேல நிக்கட்டுமா, இன்னைக்கு ஒருநாள்?"

"நீயா? வத்தல். உன்னைவிட ஒரு வெறகுக் கட்டைய மேல நிறுத்தலாம்."

ராய்ஸ் சிரித்தார். வரிசை பழையபடி நின்றது.

நீர் இடுப்புக்கு வந்ததும் மெர்வினின் பாதங்கள் தரையைத் தொட்டன, ஆனால் அழுத்தவில்லை. நீர் அவர் மேல் மோதியது, உடையவில்லை. இரண்டு காலும் ஒன்றாகப் போயின. சாய்ந்து ஹெனாரேயின் மார்பில் விழுந்தார். உடனே ஹெனாரே வலது கையை ராய்ஸிடமிருந்து விடுவித்து, இரு கைகளாலும் மெர்வினை அள்ளினார். ராய்ஸின் பிடி ஒரு கணம் ஹெனாரேயின் முதுகில் இருந்தது. பிறகு இல்லை.

கத்தல் எதுவும் கேட்கவில்லை. வளைவுக்கு முன்னால் ராய்ஸின் ஒரு கை மேலே வந்து போனது.

ஹெனாரே மெர்வினை மூட்டைபோல் இழுத்து, வண்டி இருந்த கரையில் போட்டுவிட்டு, கரையோரமாக ஓடினார். நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். போட்ட இடத்திலேயே மெர்வின் கிடந்தார். ஹெனாரே எதிரே குந்தி, அவருடைய கோட்டைத் திறந்து, கம்பளிச் சட்டைகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கினார். மூன்றாவதையும் தூக்கிப் பார்த்தார். விலா எலும்புகள். கீழே இறக்கிவிட்டார்.

"உன்னைத் தூக்க ரெண்டு கை வேணும்னு நெனச்சேன்டா" என்றார்.

மறுநாள் மழை இல்லை. காலை பத்தேகாலுக்குத் தேடும் குழு பாலத்துக்குச் சற்று மேலே, கரையில் சாய்ந்த மரத்தின் வேரில் ராய்ஸைக் கண்டெடுத்தது. அவருடைய பெல்ட் இறுக்கமாகவே இருந்தது. பதினொன்றரைக்கு ஒரு போலீஸ்காரி மெர்வின் வீட்டுக்கு வந்தாள். யார் எங்கே நின்றீர்கள் என்று கேட்டுப் படம் வரைந்துகொண்டாள். மேல்முனையில் ஏன் இவர் என்று கேட்டாள். கனத்த ஆள் என்பதால் என்று ஹெனாரே சொன்னார். அவள் நிமிர்ந்து மெர்வினைப் பார்த்தாள். மெர்வின் தன் எடையைச் சொன்னார். நோயின் பெயரைச் சொன்னார். எப்போதிலிருந்து தெரியும் என்றாள். பிப்ரவரி என்றார். அவள் எழுதிக்கொண்டாள். ஹெனாரே கெட்டிலில் தண்ணீர் வைத்தார். மூவருக்கும் தேநீர் போட்டார். தன் கோப்பையை அவர் தொடவில்லை. போலீஸ்காரி போனபின் ராய்ஸின் பெட்டியையும் செருப்பையும் தன் வண்டியில் ஏற்றினார். பையிலிருந்த மீனை வெட்டிக் கழுவி, உப்புத் தடவி, மெர்வினின் குளிர்பெட்டியில் வைத்தார். ஒன்றேகாலுக்கு ராய்ஸின் அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போனார். வாரம் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது.