அக்காவின் கைகள் வந்த படம்

என் அக்காவுக்கு மருந்துக்கடையில் இருபத்தாறு வருட வேலை. மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக் கத்தரித்துக் கட்டைவிரலில் காய்ப்பு ஏறிவிட்டது. சீட்டைப் படித்து, மருந்தை எடுத்து, மறுபடி படித்து, உறையில் போடுவதற்கு முன் மூன்றாம் முறையும் படிப்பாள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால், "உயிரு உங்களோடது, எனக்கென்ன அவசரம்" என்பாள். கடைப் பூட்டும் அப்படித்தான். மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். மூன்றாவது இழுப்பில்தான் தோள் இறங்கி, முகம் தெளியும். இதை வைத்து வீட்டில் நாங்கள் அவளை ஓட்டாத நாளில்லை. அவளும் சேர்ந்து சிரிப்பாள். இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் மருந்தை மாற்றிக் கொடுத்ததில்லை என்று அந்தக் கைகள் மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நான் சினிமாவில் பேர் போடும் பகுதியைச் செய்கிறவன். படம் தொடங்கும்போது பெயர்கள் ஓடுமே, அந்த இரண்டு நிமிடம்தான் என் பிழைப்பு. ஒரு கொலைப் படம் வந்தது. "ரத்தம் வேண்டாம், முகம் வேண்டாம். ஆனா பாக்கறவன் வயித்தைப் பிசையணும்" என்றார் டைரக்டர். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒருநாள் அக்காவைக் கூட்டிப்போகக் கடைக்குப் போயிருந்தபோது, அவள் பூட்டை இழுப்பதைப் பார்த்தேன். கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். அந்தத் துள்ளலை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

"உன் கையைப் படம் எடுக்கணும்க்கா. பேர் போடறப்ப வரும்."

"என் கையா? என்ன படம்டா?"

"குடும்பப் படம் மாதிரிதான்."

பச்சைப் பொய். உண்மையைச் சொன்னால் மாட்டேன் என்பாளோ என்று பயம். கேட்டுப் பார்க்கும் தைரியம்கூட எனக்கில்லை. அவளோ நகம் வெட்டி, கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வந்து நின்றாள். விடுமுறை நாளில், காலியான கடையில், எப்போதும் செய்வதையெல்லாம் எனக்காகச் செய்து காட்டினாள்.

பயமுறுத்தப் பயங்கரமான பொருள் தேவையில்லை. பழகிய பொருளை அளவுக்கு மீறிக் கிட்டே கொண்டுபோனால் போதும். யாருடையது, எங்கே என்று தெரியாமல் விரல்கள் திரையை அடைத்தன. கீழிருந்து கொடுத்த வெளிச்சத்தில் காய்ப்பு ஏதோ நோய் போலத் தெரிந்தது. தெருச் சத்தத்தை மொத்தமாக எடுத்துவிட்டு, கத்தரிக்கோலின் சத்தத்தை மட்டும் வைத்தேன். அடியில் குளிர்சாதனப் பெட்டியின் முனகலை இழுத்து மெதுவாக்கி ஓடவிட்டேன். பெயர்கள் ஓரிடத்தில் நிற்காமல் மயிரிழை அளவு நகர்ந்துகொண்டே இருந்தன. கத்தரிப்பு மூன்று முறை, சீட்டின் மேல் விரல் மூன்று முறை என்று பார்க்கிறவனைப் பழக்கினேன். கடைசியில் பூட்டு. ஒரு இழுப்பு, இரண்டாவது இழுப்பு. மூன்றாவதை வெட்டி எறிந்தேன். பார்க்கிறவன் உடம்பு அதற்காகக் காத்திருக்கும், வராது. டைரக்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

படம் வந்த முதல் நாள் பகல் காட்சிக்கு, கடை முதலாளியையும் கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களையும் அக்கா திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "போஸ்டர்ல கத்தி இருக்கேடா" என்றாள். "அது சும்மா விளம்பரத்துக்கு" என்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

விளக்கு அணைந்தது. "என் கைதான்" என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் கிசுகிசுத்தாள். முன்வரிசைப் பெண் ஒருத்தி குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். பின்னாலிருந்து ஒருவன், "கையைப் பாத்தாலே தெரியுது, கொலைகாரி" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அக்கா இரண்டு கைகளையும் மெல்ல மடியிலிருந்த பைக்கு அடியில் நுழைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கையில் நான் செத்துப்போனேன்.

வெளியே வந்ததும் முதலாளி, "நல்லாத்தான் எடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் பார்த்தார். அவர்கள் போகும்வரை அக்கா காத்திருந்தாள்.

"மூணாவது தடவையும் இழுத்தேனே. அதை ஏன்டா எடுத்துட்ட?"

"அப்பதான் பாக்கறவங்களுக்குப் பயமா இருக்கும்க்கா."

"எனக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றாள். "அது தெரிஞ்சுதானே எடுத்த."

ஆமாம், தெரியும். மூன்றாவதை இழுக்காவிட்டால் அவளுக்கு உள்ளே பயம் என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு மட்டும்தான் தெரியும்.

பத்து நாள் கழித்து மாத்திரை வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனேன். வாடிக்கையாளர்கள் நீட்டிய கைகளில் அக்கா எதையும் கொடுக்கவில்லை. மருந்தை ஒரு சின்னத் தட்டில் வைத்து, தட்டின் ஓரத்தை மட்டும் தொட்டுத் தள்ளிவிட்டு, கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். என் முறை வந்தது. நான் கையை நீட்டினேன், நீட்டியபடியே நின்றேன்.

எனக்கும் தட்டுதான் வந்தது.