வாசலில் நின்ற சொல்

அப்பாவின் எனாமல் குவளை இப்போது என் சமையலறையில் இருக்கிறது. வெள்ளை நிறம், விளிம்பில் நீலக் கோடு, கைப்பிடிக்குக் கீழே பூச்சு உதிர்ந்து கறுப்பு. அதை வாயருகே கொண்டுபோனதும் அப்பா ஒரு கணம் நிறுத்துவார். உதடுகள் அசையும். பிறகுதான் குடிப்பார். சாமியை நினைக்கிறார் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர் சொன்னது ‘நோமு’. ஜப்பானிய மொழியில் குடிப்பதற்கான சொல்.

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் மலாயாவில் லூனாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லாரி எந்தத் தோட்டத்துக்குள் எப்போது நுழையும் என்று யாருக்கும் தெரியாது. ஜப்பானிய அதிகாரிக்குப் பேச்சை மொழிபெயர்க்க ஒரு துபாஷி தேவைப்படுகிறது, அவர் பேச்சு புரிகிறவனை சயாமுக்கு அனுப்பமாட்டார்கள் என்று தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி அப்பாவிடம் தனியாகச் சொன்னார். கிராணி டவுனில் ஜப்பானிய வகுப்புக்குப் போனவர். காலைப் பெரட்டில் ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தும்போது ஓரிரு வினைச்சொற்களை அப்பாவின் காதில் போட்டுவிடுவார். அவற்றை மரத்துக்கு மரம் முணுமுணுத்தபடியே அப்பா பால் வெட்டுவார். வீடு வந்து சேர்வதற்குள் பாதி தொலைந்திருக்கும்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். “வாயால படிச்சா வாயோட போயிரும். கையால படிங்க” என்றாள். அதன்பின் சாப்பிடுவதற்கான ‘தபெரு’வைச் சொல்லாமல் மரவள்ளிக்கிழங்கு தட்டுக்கு வராது. ‘நோமு’ இல்லாமல் கோப்பி கிடையாது. உட்கார, எழுந்திருக்க, படுக்க, எல்லாவற்றுக்கும் முதலில் அதற்குரிய சொல். வேலை முடிந்து வருகிறவர் வாசலிலேயே நின்று ‘கயெரு’ என்று, அதாவது திரும்பி வருவது என்று, சொன்ன பிறகே உள்ளே கால் வைக்கலாம். பழைய சொல் யோசிக்காமல் வரும்வரை அம்மா புதியதைச் சேர்க்கவில்லை. வரிசையாகக் கேட்டால் வரிசைதான் மனப்பாடமாகும் என்று கலைத்துக் கலைத்துக் கேட்பாள். அசந்திருக்கும் நேரத்தில் குவளையை நீட்டுவாள்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு நடுவே பலகைச் சுவர்தான். பக்கத்து வீட்டுக்காரர் உறவில்லை என்றாலும் எனக்குப் பெரியப்பா. அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பார்: “என்னா தம்பி, பேரு சொல்லாட்டி இன்னிக்கும் கெழங்கு இல்லையா லா?” அப்பா சிரித்துவிடுவார், சொல் பறந்துவிடும். அம்மா தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள்.

சோதித்த அன்று அதிகாரி நிற்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். அப்பாவின் உடம்பு யோசிக்காமலே செய்தது. துபாஷி வேலை கிடைத்தது. மாலையில் அம்மா எதுவும் கேட்காமல் கோப்பியை நீட்டினாள். அப்பா தானாகவே சொல்லிவிட்டுக் குடித்தார்.

பிறகு எங்கள் தோட்டத்துக்கும் லாரி வந்தது. அதிகாரி வீடு வீடாக நடந்தார், அப்பா அவருக்கு ஓரடி பின்னால். பக்கத்து வாசலில் அவர்கள் நின்றபோது நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். “அண்ணே, கெளம்பணுமாம்” என்றார் அப்பா. பெரியப்பா கேலி பேசவில்லை. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“எப்ப திரும்பி வரலாம்னு கேளு தம்பி.”

அதற்கான சொல் அப்பாவிடம் இருந்தது. அவர் ‘கயெரு’ என்று கேட்டது என் காதில் விழுந்தது. அதிகாரி எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். அப்பா பெரியப்பா பக்கம் திரும்பி, “சீக்கிரமாம்ணே” என்றார். பெரியப்பா தலையை ஆட்டிவிட்டு லாரியில் ஏறினார்.

சில நாட்கள் கழித்துப் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, அன்றைக்குக் கேட்ட அந்தச் சொல் என்ன என்று அப்பாவிடம் கேட்டாள். அவர் சொன்னார். அம்மா சொல்லிக்கொடுத்த முறை அவளுக்குச் சுவர் வழியே தெரியும். அன்றிலிருந்து பொழுது சாயும்போது தன் வாசலில் நின்று, ‘கயெரு’ என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். அப்பா எங்கள் வாசலில் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். அம்மாவும் வற்புறுத்தவில்லை.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். பெரியப்பா வரவில்லை. ஜப்பானிய எழுத்துப் பலகைகளையெல்லாம் கழற்றி எறிந்த பிறகும் பக்கத்து வாசலில் அந்தச் சொல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு பெரியம்மா பெண்டாங்கில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வேறு குடும்பம் குடிவந்தது. ஆனாலும் பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுச் சுவரையே பார்ப்பார்.

வளர்ந்து நான் பத்திரிகை வேலைக்குப் போனேன். யார் என்ன சொன்னார் என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அப்பாவிடமும் கேட்டேன். லாரி வந்த அன்றைக்கு அந்த அதிகாரி சொன்ன வார்த்தை என்ன?

“அவன் ஒண்ணும் சொல்லலம்மா. என் மூஞ்சியப் பாத்துட்டு அடுத்த வூட்டுக்குப் போயிட்டான்.”

வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த குவளையில் தண்ணீர் கொடுத்தேன். வாயருகே கொண்டுபோய் வழக்கம்போல் நிறுத்தினார். உதடுகள் அசைந்தன. ‘கயெரு’ என்றார். குடிக்காமலே என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது அந்தக் குவளையில்தான் காலையில் கோப்பி குடிக்கிறேன். வாயருகே வந்ததும் கை தானாக நிற்கிறது. நான் எதையும் சொல்வதில்லை. இந்த வீட்டுச் சுவர் சிமெண்டுச் சுவர், அந்தப் பக்கத்துச் சத்தம் வராது. இருந்தாலும் காது அங்கேதான் போகிறது.