மூன்று விரல் பிடி

சுனாமித் தண்ணீரில் அடித்து வந்த கூரைத் தகரம் என் வலக்கையில் இரண்டு விரல்களை வெட்டிக்கொண்டு போனது. புண் ஆறியபின், கல்முனை முகாமில் குரோஷே பின்னல் பழக்க வந்த மிஸ் எனக்கு மட்டும் ஊசி தரவில்லை.

“நீங்க சும்மா இருந்து பாருங்க,” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு மூத்தவரான காக்கா தச்சுவேலை செய்பவர். ரொட்டி மாவை என் கையில் தந்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அதில் விழுந்த அச்சைப் பார்த்து, இடிந்த எங்கள் வீட்டின் முதிரை மரக் கதவுநிலையிலிருந்து தடித்த பிடியுள்ள ஊசி ஒன்றைச் செதுக்கினார்.

அந்த ஊசியால் தொழுகைத் தொப்பி ஒன்றைப் பின்னி மிஸ்ஸின் மேசையில் வைத்தேன். அவர் ஊசியை வாங்கி இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்தார். கையில் நிற்கவேயில்லை.

“உங்களுக்கு அது சரிவராது மிஸ்,” என்றேன். “உங்கட கையில ரெண்டு விரல் கூடிப்போச்சு.”