விழுகிற மாஸ்டர்

ஜூடோவில் ஒருவர் தூக்கி எறிய வேண்டுமானால் இன்னொருவர் விழுந்தாக வேண்டும், ஆனால் கைதட்டல் என்னவோ எறிந்தவருக்கு மட்டும்தான். விழும்போது உள்ளங்கையால் மெத்தையை ஓங்கி அறைவோம். அடி உடம்பில் இறங்காமல் இருக்க அதுதான் வழி. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கூட்டம் எறிந்தவரின் பலத்தை மெச்சும். அடுத்தவர் பெயர் வாங்குவதற்காக நீங்கள் எங்கேயாவது முதுகு நோக உழைத்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி.

தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டில் ஒரு பழைய பஞ்சு குடோனில் நானும் கதிர்வேலும் ஜூடோ வகுப்பு நடத்தினோம். இருவருக்கும் ஒரே வயது, ஒரே பெல்ட். அவன் ஆறடி, நான் குள்ளம். குள்ளமானவன் நெட்டையனின் இடுப்புக்குக் கீழே புகுந்து தூக்குவதுதான் சுலபம். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அவன் எறிந்தால்தான் அழகு. வகுப்புப் பிள்ளைகள் அவனை மாஸ்டர் என்றும், என்னை விழுகிற மாஸ்டர் என்றும் சொன்னார்கள்.

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் எங்களில் ஒருவரை நிரந்தர மாஸ்டராக எடுக்கப்போவதாகச் சொல்லி, ஒரு நாள் வந்து செய்து காட்டச் சொல்லியிருந்தது. எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும். அவனுக்கும் வேண்டும். எறிகிறவனை விட்டுவிட்டு விழுகிறவனை யார் எடுப்பார்கள்?

தையற்கடையில்

எங்கள் உடுப்பைக் கோட்டைமேட்டில் ஒரு பாய்தான் தைத்துக் கொடுப்பார். கெட்டித் துணி, இரட்டைத் தையல். கதிர்வேலைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. ஒட்டுப் போடக் கொடுத்த என் சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார்: "உங்க சட்டை எப்பவும் முதுகுலயேதான் நையுதுங்க தம்பி. அவரு சட்டையில இஸ்திரி மடிப்புக் கூடக் கலையறதில்லீங்க."

மாமியார் வீட்டு விருந்து

காரமடையில் ஒரு விழாவில் ஜூடோ செய்து காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். என் மாமியார் வீடு அங்கேதான். அன்றைக்காவது ஒரு தடவை என்னை எறிய விடச் சொல்லிப் பஸ்ஸிலேயே கதிர்வேலிடம் கேட்டேன். சரி என்றவன், கூட்டத்தைக் கண்டதும் மறந்துபோனான். இடுப்பில் ஏற்றி, தோளில் ஏற்றி, காலைத் தட்டி, வகைவகையாக என்னைப் போட்டான். முன்வரிசையில் என் மனைவி ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டதைத் தலைகீழாகப் பார்த்தேன்.

பிறகு இருவருக்கும் மாமியார் வீட்டில் சாப்பாடு. எனக்கு ஒரு கரண்டி நெய் ஊற்றிவிட்டு அவன் இலைக்கு நகர்ந்தவர், அங்கேயே நின்றுவிட்டார். "நல்லாச் சாப்பிடுங்க தம்பி. எங்க மாப்பிள்ளையத் தூக்கித் தூக்கிக் களைச்சுப் போயிருப்பீங்க."

வால்பாறை கிளப்பில்

வால்பாறையில் ஒரு எஸ்டேட் கிளப்புக்குப் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிய தலை மேடை ஏறிய பிறகும் நிற்கவில்லை. கதிர்வேல் என் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினான். பழக்கதோஷம், அவன் தொடுவதற்குள் நானே துள்ளி விழுந்து மெத்தையை அறைந்துவிட்டேன்.

நீட்டிய கை நீட்டியபடி அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்து நிதானமாக வணங்கினான். அப்படியொரு கைதட்டலை நாங்கள் எங்கேயும் வாங்கியதில்லை. நானாக விழுந்ததும் அவன் கணக்கில்தான் சேர்ந்தது. கிளப் செயலாளர் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தொடவே இல்லீங்களே, பார்வையிலயே சாய்ச்சுப்போட்டீங்களே."

பள்ளிக்கூடத்து மேடை

கடைசியில் சரவணம்பட்டி நாள் வந்தது. ஆளுக்கு ஒரு தடவை எறிய வேண்டும் என்று பள்ளித் தாளாளர் அம்மாவே சொல்லிவிட்டார். முதலில் கதிர்வேல் என்னை எறிந்தான். விழுந்தேன், தூசியைத் தட்டிவிட்டு எழுந்தேன், அவனுக்குக் கை தட்டினார்கள். அடுத்தது என் முறை. இத்தனை நாள் பொறாமையும் சேர்ந்து அவனைத் தூக்கியது. அழகாகப் பறந்தான். ஆனால் விழுந்து பழக்கம் விட்டுப்போனவன், மெத்தையை அறைவதற்குப் பதில் கையை ஊன்றிவிட்டான். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நொடி எதிரே பார்த்தேன். ஒருவரும் கை தட்டவில்லை. பார்க்க வந்திருந்த தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கையை உடைக்கிறவனுக்கு எவர் வேலை கொடுப்பார், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

அவனுக்குக் கட்டுப் போட்டு முடித்ததும் தாளாளர் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். நான் எறிந்த எறியைப் பற்றிப் பேச்சே இல்லை. "நாளைக்கே வந்துருங்க சார். எங்க புள்ளைக யாரையும் தூக்கிப் போடோணும்னு இல்லீங்க, உழுந்தா உங்களாட்ட எந்திரிச்சாப் போதுமுங்க."

வேலை எனக்குத்தான் கிடைத்தது, ஆனால் அடுத்த ஆண்டுவிழாவுக்குக் கை சரியாகி வந்த கதிர்வேலைத்தான் சிறப்பு விருந்தினராக அழைத்து மாலை போட்டார்கள். மேடையில் அவன் யாரை எறிந்து காட்டினான் என்று என் கட்சிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.